பெரியம்மா முகர்ந்து பார்த்த அறைகள்

“அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“கேளு. தப்பா இருந்தா எடுத்துக்கத்தான் செய்வேன்.”

“அடுத்த மாசம் லீவுக்கு வரோம். மூணு பேரும்.”

“வாங்கப்பா! இதோ வரேன், அதோ வரேன்னு சொல்லிச் சொல்லியே வருஷத்த ஓட்டிட்ட. முன்ரூம் கட்டில ஜன்னல் பக்கமா இழுத்துப் போட்டுடறேன். குழந்தைக்குக் காத்து வேணும்.”

“அது வந்தும்மா... நாங்க வெளிய ரூம் எடுத்துக்கலாம்னு பாக்கறோம். ஊர்ல தங்கறதுக்கு எந்த ஏரியா நல்லா இருக்கும்?”

பெரியம்மா அலுவலகத் தொலைபேசியை ஒருநாளும் காதில் வைத்ததில்லை. ஊரார் காதழுக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது என்பாள். ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றுதான் பேசுவாள். அதனால் மகன் கேட்டது பக்கத்து மேசையில் இருந்த தங்கை மகளுக்கும் அட்சரம் பிசகாமல் கேட்டது.

“யாருக்கு?” என்றாள் பெரியம்மா.

“எங்களுக்குத்தாம்மா. நீ தினம் இதே வேலையா இருக்க. உனக்குத் தெரியாத ஏரியாவா?”

பெரியம்மாவின் குரல் மாறியது. வாடிக்கையாளர்களிடம் பேசுகிற குரல் வந்தது.

“எத்தனை பேர் தங்கணும்?”

“மூணு பேர்.”

“சின்னக் குழந்தைங்க யாராவது இருக்காங்களா?”

“ஒரு பொண்ணு. நாலு வயசு.”

“மாடி ஏற முடியுமா? தெருச் சத்தம் பரவாயில்லையா?”

“லிஃப்ட் இருந்தா நல்லது. சத்தம் வேண்டாம்.”

“பாத்துட்டுச் சொல்றோம். கூப்பிட்டதுக்கு நன்றி.”

அழைப்பு அறுந்த பிறகுதான் இருவரும் என்ன பேசினார்கள் என்பது பெரியம்மாவுக்கே உறைத்தது. குழந்தை இருக்கிறதா என்று கேட்டாளே, அந்தக் குழந்தையின் படம் அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்துத் தொலைபேசிப் பொத்தானைத் தேய்த்தாள். “ச்சீ” என்றாள். மகனைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா, பொத்தானைச் சொன்னாளா என்பது தங்கை மகளுக்கு விளங்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒருநாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் அந்த அலுவலகத்தில் அவளுக்கு ‘வாயாடி’ என்று பெயர்.

பரீட்சை எழுத, வைத்தியம் பார்க்க, வழக்குக்கு அலைய, சும்மா சுற்றிப் பார்க்க என்று ஊருக்கு வருகிறவர்களுக்கு வீடுகளில் அறை பிடித்துக் கொடுக்கிற அலுவலகம் அது. எந்தப் பகுதியில் தங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அறைகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைப்பது வாயாடியின் வேலை. இரண்டிலும் படித்தவள் அங்கே அவள் ஒருத்திதான். ஆனால் எழுதுகிற சொல் அவளுடையது அல்ல, முதலாளியுடையது. அவருக்குப் பின்னால் எல்லோரும் அவரைச் ‘சென்ட்டு’ என்பார்கள். அரைப் புட்டி சென்ட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் காலையில் உள்ளே நுழைவார். கீழே சாராயக்கடை இருந்தால் ‘உயிரோட்டமான பகுதி’ என்று எழுதச் சொல்வார். ஜன்னலுக்கு வெளியே சாக்கடை ஓடினால் ‘நீரோடையை ஒட்டிய அறை’. இந்த மொழியில் ஒருமுறை பொய்யை எழுதி, அந்த மொழியில் இன்னொருமுறை எழுதும்போது வாயாடிக்கு எச்சில் கசக்கும். பேனாவை வைத்துவிட்டுப் போய்க் கை கழுவிவிட்டு வருவாள்.

எழுதுவதற்கு முன்னால் அறையை நேரில் போய்ப் பார்ப்பது பெரியம்மா. அவளுடைய கணவர் சோப்பு ஆலையில் கொழுப்புக் காய்ச்சும் கொப்பரையடியில் நின்று உழைத்து, நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தவர். அதன் பிறகு அவள் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். பல வருஷம் ஊர் பேர் தெரியாதவர்களின் படுக்கை விரிப்புகளை உதறிப் பார்த்துப் பிரித்தாள். அந்தக் கூடத்தில் காணாத அசிங்கம் இந்த உலகத்தில் இல்லை என்பாள். எதைக் கண்டாள் என்று கேட்டால், “சாப்பிட்டுட்டியா?” என்று கேட்பாள். ஆமாம் என்றால் சொல்ல மாட்டாள்.

அவள் அறை பார்க்கும் விதமே தனி. சொல்லாமல் கொள்ளாமல் போவாள். வாசலில் நின்று நெஞ்சில் இருக்கும் காற்றையெல்லாம் வெளியே விட்டுவிடுவாள். பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே காலை வைத்து, மூக்கால் ஒரே இழுப்பாக இழுப்பாள். “முதல் மூச்சு மட்டுந்தான் உண்மை பேசும். அடுத்த மூச்சுல மூக்கு வீட்டுக்காரன் பக்கம் சாஞ்சிடும்” என்பாள். சந்தேகம் வந்தால் தெருமுனைவரை நடந்து போய், மூக்கைத் தெளிய வைத்துக்கொண்டு மறுபடி வருவாள். அதற்கப்புறம் தலையணையின் உறையைக் கழற்றுவாள். குளியலறைத் தண்ணீர் போகும் துளையில் கொண்டை ஊசியை விட்டுக் கிளறுவாள்.

மகன் கேட்ட மறுநாளே அவள் கிளம்பிவிட்டாள். வாயாடியையும் கூட வரச் சொன்னாள். “உங்க பையனுக்கா? நம்ம நீரோடை ரூமையே குடுத்துடலாமே!” என்றார் சென்ட்டு.

“அந்த நீரோடைல நீங்க ஒருநாள் வாய் கொப்பளிச்சுக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்.”

சென்ட்டு மூக்கைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

முதலில் பழைய சந்தைப் பகுதிக்குப் போனார்கள். எல்லாமே பக்கத்தில் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர்கள் விரும்பிக் கேட்கிற இடம். படியேறும்போதே கைப்பிடி விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அறையில் பன்னீர் தெளித்திருந்தார்கள். பன்னீருக்கு அடியில் ஈரத்துணியும், அதற்கும் அடியில் செத்த எலியும் இருப்பதாகப் பெரியம்மா சொன்னாள். வாயாடிக்குப் பன்னீரே குமட்டியது. வீட்டுக்காரர் பல்குச்சியைக் கடித்தபடி நின்றிருந்தார். பெரியம்மா தலையணை உறையை உரித்தாள்.

“இது என்ன?”

“தலையணைம்மா.”

“தலையணைன்னு எனக்குத் தெரியாதா? இந்த மஞ்சள் என்ன?”

“அது டிசைன்.”

“டிசைன் போடறவன் உறைக்கு வெளிய போடுவான். உள்ள எதுக்கய்யா போட்டான்? இந்த ஓரத்துல பாரு, வாயோட அச்சே இருக்கு. எவனோ கடிச்சுக்கிட்டே தூங்கியிருக்கான்.”

“வர்றவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லம்மா.”

“நீ இங்கயே இருக்க, உனக்குத் தெரியாது. வந்தவன் ஓடினவன்தான், திரும்பி வந்து குறை சொல்லுவானா?”

குளியலறைத் துளையிலிருந்து கொண்டை ஊசி ஒரு கற்றை முடியை இழுத்து வந்தது. சாம்பல் நிறச் சளியில் ஊறி, கறுப்பும் நரையும் செம்பட்டையுமாக, ஊரே சேர்ந்து பின்னிய சடை போல வந்துகொண்டே இருந்தது. வாயாடி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஜன்னல் விளிம்பில் யாரோ வெட்டிப் போட்ட நகத்துண்டுகள் கிடந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரயிலடிப் பகுதியில் அறைக்குள் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. வெந்நீர்க் கெட்டிலைத் திறந்து மோந்த பெரியம்மா, “எவனோ இதுல காலுறைய வேக வெச்சிருக்கான்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வேறொரு பகுதியில் அறை சுத்தம், கை குலுக்கிய வீட்டுக்காரரின் கைதான் சுத்தமில்லை. இன்னொரு இடத்தில் குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், எதிர்வீட்டு நாயின் மூஞ்சி சரியில்லை என்றாள். அப்போதுதான் வாயாடிக்குச் சந்தேகம் தட்டியது. ஊரில் இருக்கிற அறையெல்லாம் நாறினால் மகன் வேறு எங்கே போவான்? வீட்டுக்குத்தானே வந்தாக வேண்டும்?

கடைசியில் மேட்டுக் குடியிருப்புக்கு வந்தார்கள். வீட்டுக்காரி பல் டாக்டர். பெரியம்மா மூச்சை விட்டு, வாயை மூடி, உள்ளே போய் இழுத்தாள். வெளியே வந்தாள். தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்தாள். மறுபடி இழுத்தாள். தலையணையில் வெயில் மணம். கொண்டை ஊசி போனது போலவே பளபளவென்று வெளியே வந்தது. குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, விரலைப் பார்த்தாள். லிஃப்ட் இருந்தது. சத்தம் இல்லை. எதிர்வீட்டில் நாயும் இல்லை.

“நல்லா இருக்கு” என்றாள். பூச்சி விழுந்த பாலைக் குடித்தவள் முகம் போல இருந்தது அவள் முகம்.

முகம் கழுவும் தொட்டியில் காகிதம் சுற்றிய சின்னச் சோப்பு ஒன்று இருந்தது. பெரியம்மா அதை எடுத்துப் புரட்டினாள். அவள் கணவர் வேலை பார்த்த, அவள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற ஆலையில் செய்தது. மூக்கருகே கொண்டுபோனாள். ரோஜா மணத்தது. எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டுக் கையை உடையில் துடைத்துக்கொண்டாள்.

கீழே இறங்கும்போதுதான் பேசினாள். “எலும்பையும் கொழுப்பையும் எங்க தெருவுல காய்ச்சறான். ரோஜாவ இங்க கொண்டாந்து வெக்கறான். ஊரே மணக்குது, நாங்க நாறறோம்.”

வாயாடி தெருக்கதவைத் திறந்துவிட்டாள்.

“உங்கண்ணி கல்யாணமாகி முதல் தடவை வந்தப்போ வாசல்ல நின்னு வாயால மூச்சு விட்டுக்கிட்டிருந்தா. ரெண்டு வார்த்தைக்கு மேல பேசல. எவ்வளவு அடக்கமான பொண்ணுன்னு நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.” பெரியம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் காய்ந்துபோனது. “நீயும் என் வீட்டுக்குள்ள வராம படியிலயே நின்னு பேசிட்டுப் போயிடுறவதானே. உன்ன நம்பித்தான் கேக்கறேன், வா.”

சோப்பு ஆலைத் தெருவின் முனையிலேயே வாயாடிக்குக் கண் கரித்தது. பெரியம்மா பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, ஒதுங்கி நின்றாள். அறைக்காரர்கள் அவளுக்கு முன்னால் நிற்பார்களே, அதே மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “இருவத்தஞ்சு வருஷமா இதுக்குள்ள கிடக்கேன். என் மூக்கு எப்பவோ இந்த வீட்டு ஆளாயிடுச்சு. நீ இழுத்துப் பாத்துச் சொல்லு. தாங்கும்னா நான் அவன்கிட்டப் பேசறேன். இல்லன்னா மேட்டு ரூமையே எடுத்துடலாம். சென்ட்டு பாஷைல சொல்லாத.”

வாயாடி நெஞ்சுக் காற்றை வெளியே விட்டாள். வாயை மூடினாள். உள்ளே போய் இழுத்தாள்.

வீடு கண்ணாடி போல இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். ஜன்னல் பக்கமாகக் கட்டில் ஏற்கெனவே இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதன் மேல் சின்னத் தலையணை ஒன்று, வெள்ளை உறையோடு. ஆனால் அந்த ஒரு மூச்சு, கெட்டுப்போன கொழுப்பும் கருகிய எலும்புமாக மூக்கில் ஏறித் தொண்டையில் போய் அப்பிக்கொண்டது. விழுங்கினாலும் இறங்கவில்லை. எந்த மூலையிலிருந்தும் வரவில்லை. சுவரே விடுகிற மூச்சாக இருந்தது. அவள் வாசலுக்கு ஓடி வந்து, படியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வெறும் எச்சில்தான் வந்தது.

பெரியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “வாந்தியே பதில்னு எடுத்துக்கலாமா? இல்ல வாயாலயும் சொல்றியா?”

“கொழுப்பு நாத்தம் பெரியம்மா. சுவத்துல ஊறியிருக்கு.”

“சந்தை ரூம் மாதிரியா?”

வாயாடி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். “அதவிட மோசம்.”

“அதவிடவா!” பெரியம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். “அய்யோ, அந்தத் தலையணைக்காரன என்ன பேச்சுப் பேசினேன்! அவனும் இப்பிடித்தானே நின்னான், நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு.” தன் கையைத் தூக்கி மோந்து பார்த்தாள். மணிக்கட்டை, பிறகு தோளை. ஒன்றும் தெரியவில்லை போலும். அந்த ஒன்றும் தெரியாததுதான் அவளுக்குக் குமட்டியிருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைக் கீழே போட்டாள்.

ஆலைப் புகை கூரைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா வாயாடியின் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

“மேட்டு ரூமையே எழுதிடும்மா. ஆனா ஒண்ணு. எத்தனை பேர்னு போடற இடத்துல மூணுன்னு போடாத, நாலுன்னு போடு. நான் புதுசா துணி வாங்கிக்கறேன், இங்கருந்து ஒரு நூல்கூட எடுத்துட்டு வரமாட்டேன். அவன்கிட்ட முன்கூட்டியே கேக்காத, கேட்டா மரியாதையா எதாவது சொல்லுவான். அந்த மரியாதை எனக்குக் குமட்டும். எனக்காகப் போடுவியா?”