படலையில் ஒட்டிய முகம்

செவ்வாய்க்கிழமை காலை என் மகள் நித்யா தொலைபேசியில் அழைத்து, "அப்பா, மாமா இறந்துட்டாருப்பா" என்றாள். "யார் சொன்னது? டாக்டரே சொன்னாரா?" என்று கேட்டேன். மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது. "இதுலகூடவா சந்தேகம்?" என்றாள். ஆமாம், இதிலும்தான். முந்தைய நாள்தான் அவர் கூப்பிட்டு, வாசல் பனியில் உப்புத் தூவினீர்களா, வழுக்கி விழுந்து தொலைக்காதீர்கள் என்று எனக்குப் புத்தி சொல்லியிருந்தார். அந்த மனிதர் விடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார் என்றால் எப்படி ஐயா நம்புவது? அவருடைய முப்பத்தொன்றாம் நாள் மலருக்காக இதை எழுத உட்கார்ந்திருக்கும் இப்போதும் பாதிதான் நம்புகிறேன்.

குணரத்தினத்தை நீங்கள் எல்லோரும் குணம் அண்ணை என்பீர்கள். எனக்கு அவர் சம்பந்தி. என் மகளை அவர் மகன் அகிலனுக்குக் கொடுத்தேன். நான் தமிழ்நாட்டுக்காரன், மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் வீடு, பாலங்களைச் சோதிக்கும் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி, டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் இருபத்தைந்து வருடம் நின்றவர். பாலத்தில் விரிசல் இல்லை என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் நான் ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்ப்பேன். பெண்ணைக் கொடுப்பதற்கு முன் சும்மா விடுவேனா?

விசாரித்தேன். அக்காடி மெட்ரோ வாசலில் தொடங்கி மளிகைக் கடை, நகைக் கடை, முடி வெட்டும் கடை என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் பார்க் எக்ஸில் அலைந்தேன். எல்லோரும் நல்லவர், வல்லவர் என்றார்கள். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மறுநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். அதில் ஐந்து பெயர்கள் இருந்தன. "நீங்கள் விசாரிச்ச ஆக்கள் எல்லாம் என்ரை கூட்டாளியள். இந்த அஞ்சு பேருக்கும் என்னைக் கண்ணிலயும் காட்டேலாது. இவையளிட்டையும் கேளுங்கோ சம்பந்தி. விசாரிக்கிறதில பிழை ஒண்டும் இல்லை. விசாரிக்காமல் கதைக்கிறதுதான் பிழை" என்றார். அப்போது அவருக்குச் சம்பந்தி முறையே வரவில்லை, நான் சரி என்றுகூடச் சொல்லவில்லை. என்ன துணிச்சல் பாருங்கள்!

ஐவரையும் பார்த்தேன். நான்கு பேர் திட்டியது அற்ப விஷயங்களுக்கு. ஐந்தாமவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "ஆள் ஒவ்வொரு மாசியும் பல்கேரியா போறார். ஏனெண்டு கேட்டுப் பாருங்கோ. அங்க ஆரோ இருக்கினமாம்" என்றார். நெஞ்சில் முள் ஏறியது. மனைவியை இழந்தவர், தனி ஆள். மொன்றியல்காரன் மாசி மாதத்தில் கியூபாவுக்குப் போவான், புளோரிடாவுக்குப் போவான். பனியிலிருந்து தப்பி இன்னொரு பனிக்குள் போய் விழுபவனை நான் கண்டதில்லை. அகிலனைக் கேட்டேன். "அப்பா எப்பவும் போவார் அங்கிள்" என்று தோளைக் குலுக்கினான். அவரையே கேட்டேன். "மலைக்காத்து" என்றார். மலைக்காற்றாம்! ஒரு மணி நேரம் காரோட்டினால் லோரன்ஷியன் மலை வந்துவிடும்.

கல்யாணத்தை நடத்தினேன், பிள்ளைகள் பிடிவாதம். முள் மட்டும் உள்ளேயே இருந்தது. என் பெண் வாழப்போன குடும்பத்துக்கு வேறெங்கோ ஒரு கிளை இருக்கிறதா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அடுத்த மாசி நெருங்கியபோது, "நானும் வரேன்" என்றேன். மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். "வாங்கோவன். நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கோ, அங்க கல்லு றோட்டு" என்றார். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததும் எனக்கு உதைத்தது.

அந்த ஊரின் பெயர் கொப்ரிவ்ஷ்டிட்சா. ஒரு வாரம் பழகியும் என் வாயில் அது நுழையவில்லை. அவர் வாயிலிருந்து வெண்ணெய் மாதிரி வழுக்கி வந்தது, அதையும் குறித்துக்கொண்டேன். சோபியாவிலிருந்து வந்த வண்டிக்காரன் சுற்றுவழியில் போகிறானோ என்று வழி முழுக்க வரைபடத்தைப் பார்த்தபடி இருந்தேன். அவன் நேர்வழியில்தான் போனான். மலைகளின் நடுவே ஓர் ஆறு, அதன் மேல் வளைந்த சின்னச் சின்னக் கல் பாலங்கள். நீலமும் செம்மண் நிறமும் மஞ்சளும் பூசிய பழைய வீடுகள், மேல்மாடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பாலத்தைக் காட்டி, துருக்கியருக்கு எதிரான கிளர்ச்சியின் முதல் வெடி இங்கேதான் வெடித்தது என்றார். நான் குனிந்து பாலத்தின் அடியைப் பார்த்தேன். நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.

இன்னொன்றையும் பார்த்தேன். வீட்டுக் கதவுகளிலும் மரங்களிலும் பேருந்து நிறுத்தத்திலும் கறுப்புக் கரை போட்ட தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம். "இதெல்லாம் என்ன, தேர்தலா?" என்று கேட்டேன். "மரண அறிவித்தல். எங்கட ஊரிலை ஒட்டுற கண்ணீர் அஞ்சலி மாதிரித்தான். நாப்பதாம் நாள் ஒட்டுவினம், ஆறாம் மாதம் ஒட்டுவினம், பேந்து வருசா வருசம் ஒட்டுவினம்" என்றார்.

ஊரின் மேல்கோடியில் ஒரு வீடு. உயரமான மர வெளிக்கதவு, சம்பந்தி பாஷையில் படலை. அதைத் திறந்துகொண்டு எழுபது வயதுப் பெண்மணி ஒருத்தி ஓடி வந்து, "குனா!" என்று அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். வா மகனே, அகப்பட்டுக்கொண்டாய் என்று நினைத்தேன். அப்போதுதான் படலையில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. வெயிலில் மங்கிய, போன ஆண்டுத் தாள். அதிலிருந்த முகம் என் சம்பந்தியின் முகம். இருபது வயதுதான் இருக்கும், நிறைய முடி, ஆனால் அதே மூக்கு, அதே ஒட்டாத காது. என் பக்கத்தில் உயிரோடு நிற்பவருக்கு அங்கே மரண அறிவித்தல்! அப்படியானால் என் பெண்ணுக்கு மாமனாராக வந்திருப்பவர் யார்? "நீங்க யாருய்யா?" என்று அந்தத் தெருவிலேயே கத்திவிட்டேன்.

"குணரத்தினந்தான். உள்ள வாங்கோ, குளிருது" என்றார்.

அடுப்படியில் உட்கார வைத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெளிநாடு போகப் புறப்பட்ட காலத்தில் அவரும் அவருடைய பள்ளித் தோழன் பாலனும் ஒரு லொறியில் வந்திருக்கிறார்கள். சாரதி இந்த ஊருக்கு மேலே இறக்கிவிட்டு, நாளை வருகிறேன் என்று போய்விட்டான். பாலனுக்குக் கடும் காய்ச்சல். இந்த வீட்டு வைக்கோல் கொட்டிலில் ஒளிந்துகொண்டார்கள். காலையில் லொறி வந்தது. நடக்கக்கூடியவன் மட்டும் ஏறு என்றான் சாரதி. குணம் தன் கோட்டைக் கழற்றிப் பாலனுக்குப் போர்த்தினார். கோட்டுப் பையில் தன் பாஸ்போர்ட் இருந்ததை மறந்துபோனார்.

"அவரை விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்று கேட்டேன். ஈவிரக்கமில்லாத கேள்வி. என் வாய் அப்படி.

"ஓம். விட்டிட்டுத்தான் போனனான்" என்றார். காரணம் ஒன்றும் சேர்த்துக்கொள்ளவில்லை.

கொட்டிலில் பாலனைக் கண்டெடுத்தவர், படலையில் ஓடி வந்து கட்டிப்பிடித்த இந்தப் பென்காதான். தன் கட்டிலில் கிடத்தி இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் பாலன் இறந்துபோனார். பையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்து, காய்ச்சலில் உருகிய முகத்துக்கும் படத்துக்கும் வித்தியாசம் தெரியாமல், குணரத்தினம் என்ற பெயரில் அடக்கம் செய்தார்கள். கேட்பாரில்லாத பிள்ளை, நம் வீட்டில் செத்தது, நம் படலையில்தான் ஒட்ட வேண்டும் என்று பென்கா ஆண்டுதோறும் அந்தப் பாஸ்போர்ட் படத்தை ஒட்டிவந்தார். கனடாக் குடியுரிமை கிடைத்த கையோடு பாலனைத் தேடி வந்த குணம், இந்தப் படலைக்கு முன்னால் வந்து நின்றார். "எழுத்து விளங்கேல்லை சம்பந்தி. முகம் விளங்கிச்சு" என்றார். கதவைத் திறந்த பென்கா அலறியடித்துக்கொண்டு ஓடினாராம்.

கல்லறையிலும் தாளிலும் பெயரைத் திருத்தினார்கள். முகத்தைத்தான் திருத்த முடியவில்லை. பாலனின் வீடு எரிந்தபோது படங்களும் எரிந்துவிட்டன. ஒரு படம்கூட எங்கும் இல்லை. முகமில்லாமல் ஒட்டக்கூடாது என்று பென்கா ஒற்றைக்காலில் நின்றார். "அப்ப என்ரை முகமே நிக்கட்டும் எண்டனான். அவனை விட்டிட்டுப் போன முகந்தானே" என்றார் சம்பந்தி.

மறுநாள் பாலன் இறந்த நாள், கல்லறைக்குப் போனோம். சர்க்கரை போட்டு அவித்த கோதுமையைப் பென்கா என் கையில் வைத்தார். என்ன கலந்திருக்கிறதோ என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். சம்பந்தி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அன்று புதிய தாளை அவர் படலையில் ஒட்டியபோது மூலைகளை நான்தான் பிடித்துக்கொண்டேன். என் முள் அங்கேயே விழுந்தது. விட்டுவிட்டுப் போனேன் என்று நிமிர்ந்து சொல்லத் தெரிந்தவன் வீட்டில் என் பெண் இருக்கிறாள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

"அகிலனுக்கு ஏன் சொல்லலை?" என்று விமானத்தில் கேட்டேன். "கேட்டால் சொல்லலாம். ஒருத்தரும் கேக்கேல்லையே. நீங்கள் ஒராள்தான் கேட்டனீங்கள்" என்றார். அன்பர்களே, இது உங்களுக்கும்தான். அவர் முதுகுக்குப் பின்னால் பல்கேரியாக்காரி என்று சிரித்தீர்கள். அவருடைய கொத்துரொட்டியை மட்டும் முன்னால் வந்து சாப்பிட்டீர்கள். ஒருவராவது கேட்டிருக்கலாம். சத்தமாகச் சந்தேகப்பட்ட ஒரே ஆள் நான். அதனால்தான் என்னை அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அவரை மிகவும் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

போன வாரம் அகிலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே பென்காவைத் தொலைபேசியில் அழைத்தான். அழுகை மட்டும்தான் இருபுறமும் புரிந்தது. பிறகு பென்காவின் பேத்தி ஆங்கிலத்தில், படலையில் ஒட்டக் குனாவின் கடைசிப் படத்தைப் பாட்டி அனுப்பச் சொல்கிறார் என்றாள். பாலனின் நாளும் சம்பந்தியின் நாற்பதாம் நாளும் ஒரே வாரத்தில் வருகின்றன. அகிலனும் நானும் அடுத்த வாரம் புறப்படுகிறோம்.

அவர் எனக்கு விட்டுப்போனது இந்த வேலைதான். படலையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். ஒன்றில் பாலன் பெயர், மற்றதில் குணரத்தினம் பெயர். ஒன்று இருபது வயது, மற்றது அறுபது. இரண்டிலும் ஒரே மூக்கு, ஒரே காது. தெருவில் போகிற எவனும் நின்று பார்ப்பான், இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று நிச்சயம் சந்தேகப்படுவான். படட்டும். படலையைத் தட்டி விசாரிக்கட்டும். நான் உள்ளேதான் இருப்பேன்.