சிப்பிக்காரரும் தங்கை புருஷனும்

பதினோரு வருடமாகச் சிப்பிக்காரரின் நெஞ்சை அடைத்துக் கிடந்தவை ஐந்து கற்கள். தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை மேல் வேறு ஆத்திரங்களும் உண்டு. அதெல்லாம் சில்லறை.

இருவருக்கும் ஆற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை. இவர் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, மணலைத் துழாவிச் சிப்பி எண்ணுவார். மாப்பிள்ளை கரையோரம் கைவீசி நடந்து நீர்நாயின் எச்சத்தை எண்ணுவார். நீர்நாய் துள்ளும், மல்லாந்து மிதக்கும். பத்திரிகையில் படம் வரும், பக்கத்தில் மாப்பிள்ளையின் மீசையும் வரும். சிப்பியோ முப்பது வருடம் கிடந்த இடத்திலேயே கிடந்து, ஊர் அழுக்கையெல்லாம் வடிகட்டும். அதை எவன் படம் பிடிப்பான்? கல்லுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம் என்று குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை கேட்டார். தங்கையும் சேர்ந்து சிரித்தாள்.

சிப்பி இருக்கும் இடத்துக்கு அடையாளமாக ஐந்து தட்டைக் கற்களை ஆற்று நடுவே வைத்தவர் இவரேதான். துருத்திக்கொண்டு நிற்கும் கல்லை நீர்நாய் விடுமா? ஏறிக் கழிந்து, இது என் எல்லை என்று வாசனை வைத்தது. அப்படியே முங்கிச் சிப்பியைத் தின்றது. இவர் கல்லை எடுக்கப் போவதற்குள் மாப்பிள்ளை மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, அந்தக் கற்களை ஒருவரும் தொடக் கூடாதென்று உத்தரவு வாங்கிவிட்டார். நானூறு சிப்பி முப்பத்தெட்டாயிற்று. மாப்பிள்ளை கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் உத்தரவு ரத்தாகும். கேட்டபோதெல்லாம், தன் நீர்நாய்ப் பிள்ளைகள் எங்கே போகும் என்று மீசையைத் தடவினார்.

நுரையீரல் கெட்டு அவர் படுத்த படுக்கையானதும், சிப்பிக்காரர் கடிதத்தைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு போனார்.

"சாகப்போறவன்கிட்ட கையெழுத்து வாங்க வந்தீங்களாக்கும்?"

"ஆமா மாப்ள. அதுக்குள்ள போட்டுடுங்க."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மாப்பிள்ளை இருமி ஓய்ந்து, எத்தனை மிச்சம் என்று கேட்டார். இவர் சொன்னார்.

"எனக்கும் அதே கணக்குதான் வந்துச்சு மச்சான். அதுங்க தின்னுட்டுக் கரையில போட்ட சிப்பி ஓடுங்களையெல்லாம் நானும் எண்ணிட்டுத்தான் வந்தேன்."

தெரிந்தே செய்திருக்கிறான் பாவி. சிப்பிக்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேனாவை அவர் விரல்களுக்குள் திணித்தார். மாப்பிள்ளை கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"அந்தக் கல்லுங்களத் தூக்கி வீசிடாதீங்க. மேல ஆத்து வளைவுல, சிப்பியில்லாத எடமாப் பாத்து வைங்க. அதுங்க மோப்பம் புடிச்சு வந்துரும். பீயோட அப்படியே தூக்கிட்டுப் போங்க மச்சான், கழுவித் தொலைச்சுடாதீங்க."