தலைப்பிரசவம் எந்த ஊரில்

நான் இப்போது வேலை பார்க்கும் ஜெர்மனி ஊரில் ஒருவருக்குக் கான்ட்ராக்ட் கிடைத்துவிட்டால் கைகுலுக்கி வாழ்த்துகிறார்கள். 'ஃபெர்ட்ராக்' என்பது அவர்கள் சொல். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, கைப்பேசிக்குக்கூட ஒன்று. அது கையில் இருப்பவர்தான் அங்கே நிலையான ஆள். நர்ஸாகச் சேர்ந்த புதிதில், மேலாளர் அம்மா சிரித்த முகத்தோடு "உங்கள் ஃபெர்ட்ராக் தயார்" என்றார். இத்தனை கடல் தாண்டி வந்தும் கான்ட்ராக்டில் போட்டுவிட்டார்களே என்று எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அந்த அம்மாவோ அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இதைப் படிக்கும் நெய்வேலிக்காரர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

நெய்வேலியில் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்பே "கான்ட்ராக்டா, பெர்மனென்டா?" என்று கேட்பார்கள். பெர்மனென்ட் என்றால் சுரங்கக் கம்பெனியின் குவார்ட்டர்ஸ், பின்பக்கம் பலாமரம், டவுன்ஷிப் ஆஸ்பத்திரி. கான்ட்ராக்ட் என்றால் டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே வாடகை வீடு, உடம்புக்கு வந்தால் பண்ருட்டிக்கு பஸ். என் அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் மண்ணை வாரிப்போடும் கான்ட்ராக்ட் தொழிலாளி. அடுத்த வருஷம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்து ஒருநாள் போய்ச் சேர்ந்தார். இப்போது அதே பெல்ட்டடியில் என் தம்பி சேவியர். பெல்ட்டில் யார் எப்போது சிக்குவார்கள் என்று சொல்ல முடியாது; அவன் ஷிப்ட் முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காது.

ஜெர்மனியில் என்னோடு வேலை பார்க்கும் ஹைக்கேயின் அப்பாவுக்கும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்தான். அவருக்கும் பெல்ட் வேலைதான். இடுப்பு வலி என்று சீக்கிரமே ஓய்வு பெற்று, இன்று பென்ஷனில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். சுரங்கத்தை மூடப்போகிறார்கள், எங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஹைக்கே ஒருநாள் என்னிடம் கண்கலங்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் எரிச்சலாக இருந்தது. ஒரே கரி, ஒரே தூசி, ஒரே இடுப்பு. என் அப்பா அவளுடைய அப்பாவைவிட எந்த விதத்தில் குறைந்த வேலை செய்தார்? பிறந்த இடம் மட்டும்தான் வேறு. உலகமே ஒரு பெரிய டவுன்ஷிப், அதில் சிலர் பெர்மனென்டாகவே பிறக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த முறை ஏழு மாத வயிற்றோடு, வீட்டுக்காரரை அங்கேயே வேலையில் விட்டுவிட்டு, நெய்வேலிக்கு வந்தேன். எனக்கும் சேவியரின் மனைவி ஸ்டெல்லாவுக்கும் ஒரே நேரத்தில் வளைகாப்பு. இருவருக்கும் ஒரே மாதம்தான் பிரசவம். முறைப்படி வளையல் போட்டதும் ஸ்டெல்லா காடாம்புலியூரில் உள்ள தாய்வீட்டுக்குப் போகவேண்டும். நான் முறைப்படி அம்மாவிடம் தங்கவேண்டும். ஆனால் திரும்பிப்போகும் டிக்கெட்டோடுதான் வந்திருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லும் தைரியம் ஒரு வாரமாக வரவில்லை. பல வருஷம் வேலை பார்த்ததில் ஜெர்மனியில் எனக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. அதனால் என் பிள்ளை அங்கே பிறந்தால் அந்த நாட்டுக் குடிமகனாகவே பிறக்கும். நாளை என் வேலை போனாலும், ஆட்சி மாறி எங்களைப் போன்றவர்களை வெளியே போகச் சொன்னாலும், அதை யாரும் அசைக்க முடியாது. நெய்வேலியில் பிறந்தால் பெற்ற தாயிடம் வந்து சேரவே அது விசா கேட்டு நிற்கவேண்டும்.

வளைகாப்புக்கு முந்திய நாள் மத்தியானம், சாப்பிட்டுப் படுத்திருந்தபோது இடுப்பிலிருந்து ஒரு வலி சுற்றிக்கொண்டு வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும். எத்தனையோ பிரசவங்களில் கூட நின்றவள் நான். இது பொய்வலியாக இருக்கலாம் என்று படித்த மூளை சொன்னது, உடம்பு கேட்கவில்லை. குறைமாதப் பிள்ளை பிழைக்குமா என்றுதான் ஒரு தாய் முதலில் பயப்படவேண்டும். எனக்கு முதலில் வந்த பயம் அதுவல்ல. இங்கேயே பிறந்துவிடுமோ என்பதுதான். நான் பிறந்த ஊரில், என் அம்மா வீட்டுப் பாயில் படுத்துக்கொண்டு, என் பிள்ளை இங்கே பிறந்துவிடக்கூடாது என்று ஜெபித்தேன். அந்த ஜெபத்தை நினைத்தால் இன்றும் எனக்கே கூசுகிறது.

அம்மா சீரகத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"சூட்டு வலிடி. குடி, அடங்கிடும். இதுக்குப் போயி இப்பிடி பயப்புடுற?"

"அம்மா, நான் புதன்கிழமை கெளம்புறேன். கொழந்தய அங்கதான் பெத்துக்கப் போறேன்."

குடித்துவிட்டு நான் நீட்டிய டம்ளரை அம்மா வெடுக்கென்று வாங்கினாள்.

"தலப்பிரசவம் அம்மா வூட்லதான். சொந்தத்துல பொம்பள யாரும் இல்லாத ஊர்ல போயி யாரு ஒன்ன பாப்பாங்க? எங் கையி மேல நம்பிக்க இல்லியா?"

"அது இல்லம்மா. கொழந்தக்கி அங்கத்து பாஸ்போர்ட்டு..."

"பெர்மனென்டு ஆவுமா?"

"ஆவும்மா. பொறக்கும்போதே."

அந்த ஒரு சொல்லுக்காக வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவரின் மனைவி அல்லவா அம்மா. அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலி சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. பயம் மட்டும் அடங்கவில்லை. விமானம் ஏறும்வரை ஒவ்வொரு தும்மலுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

வளைகாப்பில் எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக் கைநிறைய வளையல் அடுக்கினார்கள். வந்தவர்கள் சாப்பிடப் போனபிறகு ஸ்டெல்லா என் பக்கம் சாய்ந்து கையைப் பிடித்தாள்.

"அண்ணி, ஒங்க கூடவே நானும் வந்து, அங்கயே பெத்துக்கினு வந்துடட்டா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் என் கையை விடவில்லை. தினமும் புருஷன் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருக்கும் பெண், நாளைக்குப் பிள்ளையின் செருப்புச் சத்தத்துக்கும் காத்திருக்கவேண்டுமே என்று நினைத்துக் கேட்கிறாள் என்று பட்டது.

"அங்க பொறந்தா மட்டும் போதாது ஸ்டெல்லா. அப்பா அம்மாவுல ஒருத்தராவது அங்க பெர்மனென்டா இருக்கணும்."

"அப்ப எங்க போயிப் பெத்தாலும் எம் புள்ள கான்ட்ராக்ட்டுதானா, அண்ணி?"

படிக்க வைக்கலாம், நான் இருக்கிறேன், காலம் மாறும் என்று என்னென்னவோ சொன்னேன். மேலாளர் அம்மா என் தோளைத் தட்டியதுபோலவே நானும் அவள் தோளைத் தட்டினேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவள் வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டு, சரி அண்ணி, சரி அண்ணி என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையில் வாசலில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று ஸ்டெல்லாவை அழைத்துப்போகக் காடாம்புலியூரிலிருந்து வந்தது. இன்னொன்று என்னைச் சென்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக. சேவியர் இரண்டு கார்களிலும் மாறி மாறிப் பெட்டி ஏற்றினான். நாங்கள் ஆளுக்கொரு காரில் ஏறி உட்கார்ந்து புறப்படும் நேரத்தில் அம்மா வீட்டுக்குள்ளிருந்து தன்னுடைய பழைய நூல் புடவை ஒன்றைக் கொண்டுவந்தாள். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது. பிறந்த பிள்ளையை முதலில் பழந்துணியில்தான் சுற்றவேண்டும், புதுத்துணி ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த நாட்டில் இதெல்லாம் கிடைக்காது என்று அவளுக்குக் கவலை.

புடவையை நடுவில் பிடித்து, பல்லால் ஒரு கடி கடித்து, இரண்டாகக் கிழித்தாள். அந்தச் சத்தத்துக்கு ஸ்டெல்லாவும் நானும் ஒரே சமயத்தில் வயிற்றில் கைவைத்தோம். அம்மா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கண் முழுக்க நீராக இருந்தது, துணியையும் அவள் பார்த்திருக்க முடியாது. வலது கையில் இருந்த பாதியை ஒரு காருக்குள் நீட்டினாள், இடது கையில் இருந்ததை மற்றதற்குள்.