அப்பாவுக்கு நான் கொடுத்த பயிற்சி

அன்று அப்பா ஏன் என்னைத் திட்டவில்லை? எனக்கே ஆறு வயதில் மகள் இருக்கிறாள். இன்னும் பதில் தெரியவில்லை.

அப்பா பெங்களூர் பீன்யாவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அங்கே ஒரு பிரிவைக் குறைக்கப்போவதாக முடிவானது. வேலை போகிறவர்களிடம் அதைச் சூப்பர்வைசர்களே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சியாளரை அழைத்திருந்தார்கள். ஒருவர் தொழிலாளியாகவும் ஒருவர் அதிகாரியாகவும் நடித்துப் பழக வேண்டும். அப்பாவுக்கு நாக்கு குழறியது. சனிக்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் தன் பெயரும் பட்டியலில் சேரும் என்று அவர் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. வீட்டில் யாரையாவது வைத்துப் பழகும்படி பயிற்சியாளர் ஒரு தாளைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

அம்மா மறுத்துவிட்டாள். "இந்தப் பாவத்துல என்னைச் சேக்காதீங்க."

நான் ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் அல்லவா! பதினான்கு வருடம் வேலை செய்த தொழிலாளி என்று தாளில் இருந்தது.

"சார், எனக்கு மூணு பசங்க, ஒரு மாடு!"

அப்பா சிரித்துவிட்டார். "மாடெல்லாம் இல்ல கண்ணு. தாள்ல இருக்கறத மட்டும் கேளு."

அவர் தரையைப் பார்த்தபடி "மன்னிச்சிடுப்பா" என்று ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று தாளில் போட்டிருந்தது. நான் திருத்தினேன். எங்கள் பள்ளி டீச்சர் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். "கண்ணப் பாத்து சொல்லுங்கப்பா. சொன்னதும் மனசுக்குள்ள மூணு எண்ணுங்க." நான்காம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, அப்பா ஓரிடத்திலும் தடுமாறவில்லை. நான் கைதட்டினேன். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டு மாமா வந்தார். அப்பாவின் பிரிவிலேயே மெஷின் ஓட்டுபவர். என்னைக் கண்டால் "என்ன மேடம்" என்று வம்பிழுப்பவர், அன்று என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வேலை போனா வேற பாத்துக்கலாண்ணா. ஆனா பதினாலு வருஷம் என் டப்பாவுல கை போட்டுச் சாப்பிட்ட மனுஷன்... சொல்லிட்டு சும்மா என்னையே பாத்தீங்க. ஒரு வார்த்தை வரும்னு நின்னேன். யாரோ சொல்லிக் குடுத்து ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு."

என் உழைப்பு யாருக்கும் தெரியாமல் போகிறதே என்று எனக்கு ஆதங்கம்.

"நான்தான் மாமா சொல்லிக் குடுத்தேன்! நாலு நாளா!"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "நல்லாவே சொல்லிக் குடுத்திருக்கம்மா" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அப்பா அந்த ஆறிப்போன காபியை எடுத்துத் தானே குடித்து முடித்தார். அடுத்த மாதம் மாமா வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூர்ப் பக்கம் போனார். போகும்வரை எங்கள் வாசல் பக்கம் திரும்பவில்லை. நாடகம் முடிந்தால் எல்லோரும் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள் என்றுதான் அந்த வயதில் எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது என் அலுவலகத்தில் எனக்கும் அதே பயிற்சி. என் குழுவில் ஒரு பெண்ணிடம் வேலை போய்விட்டது என்று நான் சொல்ல வேண்டும். நேற்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் எதிர்ல உக்காரட்டுமா அம்மா?" என்று மகள் வந்தாள். கத்தி விரட்டிவிட்டேன், அதுவும் தப்போ என்று இரவெல்லாம் யோசித்தேன். பழகாமல் போனால் அந்தப் பெண்ணிடம் ஏதாவது உளறிக் காயப்படுத்திவிடுவேனோ? பழகிவிட்டால் என் வாயிலிருந்து வருவது என் பேச்சாக இருக்குமா?

இப்படிப்பட்ட செய்தியை நீங்கள் யாரிடமாவது சொல்லியிருந்தால், இல்லை, எதிரில் உட்கார்ந்து கேட்டிருந்தால், எப்படிச் சொல்வது என்று எனக்கு எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறேன்.