பட்டாணிக்குக் காவல் நின்ற குரல்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைமேடு போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு இன்றைக்கும் இரட்டைப் பிள்ளைகள்தான், எது எதுவென்று குழம்பும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நேரில் கேட்டிருந்தால் இதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது.

போன வாரம் என் மனைவி கமலா, மகன் வாங்கி வந்த பட்டாணிப் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டினாள். உறைய வைத்து விற்கிறார்களே, அது. கோலிக்குண்டு போலச் சத்தம் போட்டு உருண்டது. ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "ஒரு வாசமும் இல்லீங்க" என்றாள். எனக்கோ அதற்குள் வேறு வாசம் வந்துவிட்டது. பனியில் நனைந்த பச்சைக் காயை நகத்தால் கீறினால் வருமே, அது. அதன் பின்னாலேயே கொட்டாங்குச்சியில் ஈர எருவின் வாசம்.

எண்பதுகளின் கடைசி. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், சித்தேரி மலை தெரிகிற இடத்தில், கிணற்றோடு கொஞ்சம் நிலம். போட்டதெல்லாம் ஏமாற்றிக்கொண்டிருந்தது. கமலாவின் அண்ணன், என் மச்சான், பெங்களூரில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். என்னையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஊர்ப் பாஷை எனக்குத் தெரியாது. பாஷை தெரிந்த ஊரிலேயே தண்ணீர் கேட்கத் தயங்குகிறவன் நான்.

ஓசூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பட்டாணி விளைந்து கிடந்ததைப் பார்த்திருந்தேன். மார்கழியில் எங்கள் மலையிலிருந்து இறங்கும் குளிருக்கு நம் நிலத்திலும் வரும் என்று மனசு சொன்னது. மச்சானிடமே விதை கேட்டேன்.

"பட்டாணி ஊட்டில வெளையறது மாப்ள. நம்ம காட்டுல போட்டா செடியிலயே சுண்டலாயிரும்" என்று சிரித்தார். ஆனாலும் இரண்டு படி விதை கொண்டுவந்து கொடுத்தார். "இந்த ஒரு வெள்ளாம பாருங்க. வரலீன்னா தையில எங்கூட பொட்டியக் கட்டணும்."

சரியென்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு நாக்கு தேவையில்லை.

மழை ஓய்ந்ததும் ஒரு படியை நேராக மண்ணில் ஊன்றினேன். முளை மண்ணைத் தூக்கிய மறுநாள் காலையில் போனால், பாத்தி முழுக்கக் குழி. மைனாக்கள் முளையைப் பிடித்து இழுத்து, அடியிலிருந்த பருப்பைத் தின்றுவிட்டு, தண்டை மட்டும் வரப்பில் போட்டிருந்தன. மிச்சம் மீதியைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் கிளறியிருந்தன. வரப்பில் உட்கார்ந்தேன். பெங்களூர் பஸ் என் காதுக்குள்ளேயே ஹாரன் அடித்தது.

மறு படியை வீட்டிலேயே முளைக்க வைத்து, நாற்றாக்கி நடுவது என்று முடிவு செய்தேன். ஓட்டல் ஓட்டலாகப் போய்க் கொட்டாங்குச்சி கேட்டோம். கேட்டோம் என்ன, கமலா கேட்டாள், நான் சாக்கு பிடித்தேன். விதையை ஊறவைத்து ஈரத் துணியில் முடிந்து, வெள்ளையாக மூக்கு எட்டிப் பார்த்ததும், எருவும் மண்ணும் நிரப்பிய கொட்டாங்குச்சிக்கு இரண்டாகப் போட்டேன். முதல் நாளே எலி மோப்பம் பிடித்தது. அதனால் விட்டத்திலிருந்து பலகைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, எண்ணெய் டின் தகரத்தைக் கூம்பாக வெட்டிக் கயிறுகளில் கோத்தேன். எலி இறங்கி வந்து, தகரத்தில் வழுக்கி விழுந்து, கோபித்துக்கொண்டு போனது.

"இது வூடா நாத்தங்காலாங்க? நிமுந்தா தலையில இடிக்குது" என்றாள் கமலா. ஆனால் கையால் தண்ணீர் தெளித்தவள் அவள்தான்.

மண் உதிராமல் தட்டி எடுத்து நட்டோம். கோழிக்கு முள் அடைத்தாயிற்று, மைனாவுக்கு என்ன செய்வது? தெருமுனை டெய்லரிடம் டேப் ரெக்கார்டர் இருந்தது. சிக்கிப்போன கேசட்டுகளை எல்லாம் கொடுத்தார். நாடாவை முறுக்கிக் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டினால், காற்றில் ஙொய்யென்று ஓர் ஓசை, வெயிலில் மின்னல் வேறு. மைனாக்கள் தூரத்துப் புளியமரத்தில் உட்கார்ந்து எங்களைத் திட்டின. ஆனால் கடைசி எட்டு வரிசைக்கு நாடா போதவில்லை.

அந்த வாரம்தான் மச்சானிடமிருந்து ஒரு கேசட் வந்தது. அவருக்கும் எழுத்து வராது. சொல்ல வேண்டியதைப் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். கேட்டதும் திருப்பி அனுப்பினால், அதே கேசட்டில் மறுபடி பேசுவார். டெய்லர் கடையில்தான் போட்டுக் கேட்க வேண்டும்.

"மாப்ள, மைனாவுக்குத் தீனி போட்டது போதுங்க. மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிட்டேன். பொங்கலுக்கு வரேன், ரெடியா இருங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பொத்தான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கமலா கேசட்டை வாங்கிக்கொண்டு நேராக நிலத்துக்குப் போனாள். வரப்பில் நின்று நாடாவை உருவினாள்.

"எங்கண்ணன் பேச்சு காத்துக்காச்சும் ஒதவட்டும். இழுத்துக் கட்டுங்க."

அப்புறம் கொழுந்தில் அசுவினிப் பூச்சி வந்தது. காலைப் பனி காயும் முன்பே சாம்பல் தூவினோம். காயில் புழு வந்தது, விரலால் பொறுக்கினோம். தை பிறந்தபோது செடிக்குச் செடி காய் தொங்கியது.

சொன்னபடி மச்சான் வந்தார். எனக்கென்று ஒரு புதுத் தகரப் பெட்டியே வாங்கி வந்திருந்தார். வரப்பில் நின்று வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒரு காயை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "என்னாங்க மாப்ள அது, வண்டு கத்தறாப்ல சத்தம்?" என்றார்.

"உங்க பேச்சுதாங்க மச்சான். மைனா கிட்ட வர்றதில்ல."

நான் வாழ்க்கையில் சட்டென்று சொன்ன ஒரே பதில் அது. அவர் சிரித்த சிரிப்பில் புளியமரத்து மைனாக்களும் பறந்துவிட்டன. அந்தத் தகரப் பெட்டி பெங்களூருக்குத் திரும்பிப் போனது. உள்ளே என் துணி இல்லை, மூடி அழுந்தும் அளவுக்குப் பட்டாணி. மேஸ்திரிக்கும் கொடுத்தாராம்.

இப்போது கேசட் இல்லை, டெய்லர் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மச்சான் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. போட்டோ மூன்று இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. இருந்த ஒரே நாடாவை நாங்கள்தான் வெயிலில் கட்டி, பொடிப்பொடியாக உதிரவிட்டோம். அன்று பட்டாணித் தட்டின் முன்னால் அதைச் சொல்லிக் கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளே சொன்னாள்: "இருந்தாலும் அந்த எட்டு வரிசதாங்க நெறையக் காச்சுது."

இதை எழுதி முடித்த இன்று கார்த்திகை ஏழு, திங்கட்கிழமை.