சித்தியின் புதுக் கட்டைவிரல்

மதுரையிலிருந்து சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய வலது கையில் கட்டைவிரல் இல்லை. மாவு மில் பெல்ட் இழுத்துக்கொண்டுவிட்டது என்று அம்மா சொன்னாள். எனக்கு ஏழு வயது. அப்பாவுக்கு வடக்கே வேலை; சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். சுற்றிலும் பழைய வீடுகளை இடித்துப் புதிதாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பா, "ரீகன்ஸ்ட்ரக்டிவ் சர்ஜரி பண்ணணுமாம்" என்றார். கன்ஸ்ட்ரக்‌ஷன் எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் அதுதான்.

"சித்தி கையில சிமென்ட் போடுவாங்களா?"

"இல்லம்மா. போனதைத் திரும்பக் கட்டித் தர்ற சர்ஜரின்னு அர்த்தம்."

மறுநாள் பள்ளியில், என் சித்தி ரீகன்ஸ்ட்ரக்டிவ் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஆபீஸில் பிறர் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்தியே பழகிய அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "சர்ஜரிக்குத்தான் அந்த வார்த்தை. ஆளுக்கு வராது" என்றார்.

"ஏன் அத்தான், எனக்கு வந்தா ஆகாதா?" என்று சித்தி சிரித்தாள்.

காலின் பெருவிரலை எடுத்துக் கையில் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் என் கால் பெருவிரலைக் கையால் மூடிக்கொண்டேன்.

"ரத்தம் ஓடலேன்னா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"கால்விரல், கைவிரல் ரெண்டும் போயிரும்" என்றார் அப்பா. அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்துத்தான் என்னை உள்ளே விட்டார்கள். கட்டுக்கு வெளியே அந்த விரல் மட்டும் எட்டிப் பார்த்தது. நர்ஸ் அதை லேசாக அழுத்தினாள், வெளுத்தது. கையை எடுத்ததும் உள்ளேயிருந்து சிவப்பு மெல்ல ஊறி வந்தது. நான் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தேன். காலில் இருந்த விரலுக்கு, இனி தான் கைவிரல் என்று யார் சொன்னார்கள்?

பிறகு பல மாதம் சித்தி துணி கிளிப்பையும் கோலிக்குண்டையும் எடுக்கப் பழகினாள். குளிர்காலத்தில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பி நின்ற என் ஸ்வெட்டருக்குப் புது விரலால் பட்டன் போட உட்கார்ந்தாள். முதல் பட்டன் நழுவிக்கொண்டே இருந்தது. கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"ஜல்தி சித்தி! பஸ் போயிரும்."

"இருடி."

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். உதவிக்கு வரவில்லை. சித்தி கடைசிப் பட்டனை மாட்டி முடித்தபோது பஸ் போய்விட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அம்மாவும் சித்தியும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள், நடுவே சிரித்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்டது நான். இவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.