ஆஸ்பத்திரியில் பொது அடுப்படி

பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரி எத்தனை பேரைக் குணமாக்கியதோ எனக்குத் தெரியாது. வாசலில் கடை போட்டவர்களை நன்றாக வாழவைத்தது. களக்காட்டிலிருந்தும் ஏரலிலிருந்தும் வண்டி கட்டி வருகிறவர்கள் ஆஸ்பத்திரி மருந்தைக் குடிப்பார்கள். வேற்றுச் சாதி ஆக்கிய சோற்றைத் தொடமாட்டார்கள். துணைக்கு வந்தவர்கள் பின்பக்கக் கொட்டகையில் சாதிக்கொரு அடுப்பு மூட்டிப் பொங்குவார்கள். ஊருக்குத் திரும்பும்போது, ஆஸ்பத்திரித் தீட்டாம், மண்பானைகளை அங்கேயே போட்டு உடைத்துவிட்டுப் போவார்கள். பானை வியாபாரம் ஓகோவென்று நடந்தது. விறகுக்கடை அதைவிட.

நான் அங்கே தாதி வேலை பழகிக்கொண்டிருந்தேன். பழகுகிற காலத்தில் சம்பளம் கிடையாது. அப்பா காலராவில் போய்ச் சேர்ந்தபின் அம்மைதான் நெல் குத்தி வீட்டை ஓட்டினாள். அவளுக்கும் நெஞ்சுவலி கண்டு உலக்கை பிடிக்க முடியாமல் போயிற்று. அந்த நேரத்தில்தான் வெள்ளைக்கார டாக்டரம்மா, துணைக்கு ஆளில்லாத நோயாளிகள் பட்டினி கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் பொதுவாக ஓர் அடுப்படி கட்டி, அம்மையைச் சமையலுக்கு வைத்தார். "இனி உலக்கைய தொடவேண்டாம் பாத்துக்கோ" என்று அம்மை சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அது விறகுக்கடை அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. பொது அடுப்படி நிலைத்துவிட்டால் கொட்டகையில் அத்தனை அடுப்பு எரியுமா? அவரும் எங்களைப் போல வேதக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்னால் உட்கார்ந்து, கர்த்தருக்குள் எல்லாரும் ஒன்று என்று தலையாட்டுகிற மனுஷர். கடைக்கு முன் வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் பைய ஓதினார்: "உள்ள சமைக்கது யாருன்னு தெரியுமா வே? அவ என்ன சாதின்னு விசாரிச்சுட்டு வாயில வையும்."

அவ்வளவுதான். வார்டில் ஒருத்தரும் தட்டைத் தொடவில்லை. அம்மை ஆக்கிய சோறு பானையோடு ஊசிப்போயிற்று. டாக்டரம்மா கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் அடுப்படியைப் பூட்டினார். நோயாளிகள் சாப்பிடாமல் செத்தால் யார் பொறுப்பு என்று என்னிடமே கேட்டார். கடல் தாண்டி வந்து இந்த ஊரையே எதிர்த்து நின்ற அம்மாள், அந்தச் சோற்றுப்பானைக்கு முன்னால் தோற்றுப்போனார். எனக்கு அவர்மேலும் கோபம்தான்.

நேரே விறகுக்கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, ஒங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

"ஏட்டி, சாதிய நானா உண்டாக்குனேன்? கேட்டவுகளுக்குப் பதில் சொன்னேன். ஒங்க அம்மைய இங்கன வரச்சொல்லு. ஆஸ்பத்திரிக்கு விறகு சுமக்க ஆளு வேணும்."

நெஞ்சுவலிக்காரியை! நாசமாய்ப் போக என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தேன்.

வார்டில் களக்காட்டுக்காரி ஒருத்தி பிள்ளை பெற்றுக் கிடந்தாள். புருஷன் அறுப்புக்கு ஊருக்குப் போய்விட்டான், ஆக்கிப்போட ஆளில்லை. நான் சொல்லக் கேட்டு அம்மை வீட்டிலிருந்து கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். பிள்ளை பெற்றவள் அக்கம்பக்கம் பார்த்தாள். செம்பை வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "எக்கா, ஒங்க கஞ்சிய குடிச்சேன்னு யார்ட்டயும் சொல்லிராதீக" என்றாள்.

"சொல்லல, தாயி" என்றாள் அம்மை.

வெளியே வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அவ மூஞ்சியில ஊத்திட்டு வராம, சொல்லலன்னா சொல்லுத?" என்று கத்தினேன். அம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பச்ச ஒடம்புக்காரி பசிச்சுக் கெடந்தா. வேல போனப்பகூட எனக்கு அழுக வரல, இப்ப வருது" என்றாள்.

அரிசிப்பானை காலியாக இருந்தது. அந்த வாரமே அம்மை விறகு சுமக்கப் போனாள். நான் காலைப் பிடித்துத் தடுத்தும் கேட்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று அவள் சுமந்து வந்த விறகில்தான் கொட்டகையில் சாதிக்கொரு அடுப்பு எரிந்தது. அந்த விறகுக்கு ஒருத்தரும் சாதி கேட்கவில்லை.